காவிரியும் நைலும்: சூடானில் நமது வெளியுறவுத் துறை

இரும்புலியூரில் நாம் குடியேறி இருபதாண்டுகளுக்கு மேலாகின்றன. தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் கல்லூரிகள் பெருகிய பின்னர், ஜும்ஆவின் பின்வரிசைகளில் ஆப்பிரிக்க இளைஞர்களைக் காண்பது இப்பகுதியின் வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு அவர்களுள் ஒருவர், சூடான் நாட்டு மாணவர், தொழுகை முடிந்ததும் நம்மை அணுகி ஏதோ கேட்டார். ‘தாயிர்’ என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. முப்பதாண்டுகளாக அரபி இலக்கணம் கற்பிக்கும் நாம், அவர் எதையோ ‘சுற்றிக்கொண்டிருப்பதாகப்’ பொருள் கொண்டு, வழி தெரியாமல் அலைகிறார் போலும் என்று பேருந்து நிலையத்தின் திசையைக் காட்டினோம். சூடானியரின் பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு ‘வேண்டும்’ என்று பொருள் என்பதை அவரே சிரித்துக்கொண்டு விளக்கினார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு முத்திரை. அவருடைய தங்கையின் பள்ளியிறுதிச் சான்றிதழில் சூடான் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் இல்லை. அஃதில்லாமல் இங்குள்ள ஒரு கல்லூரி விண்ணப்பத்தை ஏற்க மறுத்துவிட்டது. கார்த்தூமில் போர் மூண்டதும் அரசு செங்கடற்கரையிலுள்ள போர்ட் சூடானுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. குடும்பமோ எகிப்துக்குச் சென்றுவிட்டது. அரபியில் ஒரு வேண்டுகோள் கடிதமும், அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் எழுதித் தரவேண்டும் என்பதே அவர் கேட்டது.

வெளியுறவுத் துறை என்றால் உச்சி மாநாடுகளும் கைகுலுக்கல்களும் நம் நினைவுக்கு வருகின்றன. நாடு கடந்து வாழும் எளிய மனிதனுக்கோ அது ஒரு முத்திரை. ஆபத்துக் காலத்தில் ஒரு தொலைபேசி எண். சில வேளைகளில் ஒரு சவப்பெட்டியை ஊர் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, சூடானில் நம் நாட்டு வெளியுறவுத் துறை ஆற்றிய பணியை மதிப்பிட விழைகிறோம். தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு அரபி மொழியின் வழியாக அந்நாட்டுடன் ஓர் உறவு உண்டு; அந்த உறவு எந்த அளவுக்கு உண்மையானது என்பதும் இம்மதிப்பீட்டில் வெளிப்படவே செய்யும்.

இந்திய – சூடான் உறவைப் பற்றிய அதிகாரக் குறிப்புகளும் மேடையுரைகளும் வழக்கமாக மூன்று செய்திகளைச் சொல்லும். முதலாவது, 1953-ஆம் ஆண்டின் தேர்தல். ஆங்கிலேய – எகிப்தியக் கூட்டாட்சியின் கீழிருந்த சூடான் தன்னாட்சிக்கு முன்னேறியபோது, அந்நாட்டின் முதல் நாடாளுமன்றத் தேர்தலை நடத்திய பன்னாட்டு ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். இரண்டாவது, 1955 ஏப்ரலில் நடந்த பாண்டுங் மாநாடு. அப்போது சூடான் விடுதலை பெற்றிருக்கவில்லை. அதற்குக் கொடியும் இல்லை. நேரு ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் ‘சூடான்’ என்று எழுதி அந்நாட்டுக்கான இருக்கையை உறுதிசெய்தார் என்பர். மூன்றாவது, புனே அருகே கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தின் தலைமைக் கட்டடம். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் படைகளிடமிருந்து சூடானைக் காக்கப் போரிட்ட இந்திய வீரர்களின் நினைவாக அந்நாடு 1 இலட்சம் பவுண்டு வழங்கியது. பிரிவினைக்குப் பின் இந்தியாவின் பங்காகக் கிடைத்த தொகை அக்கட்டடத்துக்குப் பயன்பட்டது. 1959-இல் திறக்கப்பட்ட அது ‘சூடான் பிளாக்’ என்றே இன்றும் வழங்கப்படுகிறது.

மூன்றும் பெருமைக்குரியவையே. ஆயினும் மூன்றும் 1950களோடு முடிந்துபோனவை என்பதைக் கவனிக்கவேண்டும். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஓர் உறவைப் பற்றிச் சொல்ல அதே மூன்று கதைகள்தாம் இருக்கின்றன என்றால், இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன?

நடந்தது எண்ணெய். 2003-இல் ஓ.என்.ஜி.சி. விதேஷ் நிறுவனம் சூடானின் பெரிய எண்ணெய்க் கூட்டமைப்பில் 25 விழுக்காட்டுப் பங்கை ஒரு கனடிய நிறுவனத்திடமிருந்து வாங்கியது. கார்த்தூமிலிருந்து போர்ட் சூடான் வரை 741 கிலோமீட்டர் நீளக் குழாயையும் அந்நிறுவனமே அமைத்துத் தந்தது. அதே 2003 அக்டோபரில் நம் குடியரசுத் தலைவர் சூடானுக்குச் சென்றார். இராமேசுவரத்தில் பிறந்த தமிழ் முஸ்லிமான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம்தான் அவர். அன்று நம் ஊர்களில் பலரும் அதனைப் பெருமிதத்தோடு பேசினோம், நாமும் பேசியவரே. ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் தார்ஃபூரில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் முஸ்லிம்களாயிருந்த போர் அது. அதைப் பற்றி நம் தமிழ் இஸ்லாமிய இதழ்கள் அக்காலத்தில் எவ்வளவு எழுதின என்று கேட்டால் தலைகுனிய வேண்டியிருக்கும். பலஸ்தீனுக்காகவும் இராக்குக்காகவும் பொங்கிய பேனாக்கள் மேற்குச் சூடானின் எரிந்த கிராமங்களைக் கண்டு தயங்கின. எதிரி வெளியாளாக இல்லாதபோது நம் அறச்சீற்றம் எழுவதில்லை போலும்.

வெளியுறவுத் துறையும் பேசவில்லை. அதற்கு அதன் காரணங்கள் இருந்தன. 2015 அக்டோபரில் புதுதில்லியில் நடந்த மூன்றாம் இந்திய – ஆப்பிரிக்க உச்சி மாநாட்டுக்கு சூடானின் அன்றைய அதிபர் உமர் அல்பஷீர் வந்தார். தார்ஃபூர்க் குற்றங்களுக்காக அவர்மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை நிலுவையில் இருந்தது. இந்தியா அந்நீதிமன்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடன்று. எனவே சட்டப்படி கடமை இல்லை என்பது அரசின் நிலை. சட்டப்படி சரி. ஆனால் மூன்றரை ஆண்டுகளுக்குள், 2019 ஏப்ரலில், அவருடைய மக்களே மாதக்கணக்கில் தெருவில் நின்று அவர் ஆட்சிக்கு முடிவு கட்டினர். தில்லி அதுவரை பேணிய நட்பு ஆட்சியாளரோடா, மக்களோடா என்ற வினாவுக்கு அந்தத் தெருக்களில் விடை கிடைத்தது.

இவ்வாறு கூறும்போதே எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 2023 ஏப்ரல் 15-இல் சூடான் இராணுவத்துக்கும் ‘விரைவு ஆதரவுப் படை’ எனப்படும் துணைப்படைக்கும் இடையே கார்த்தூமின் நடுவிலேயே போர் வெடித்தது. தொடக்க நாளிலேயே கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் குண்டடிபட்டு உயிரிழந்தார். இந்தியர் சிலாயிரவர் வீடுகளில் முடங்கினர். ஏப்ரல் 24-இல் அறிவிக்கப்பட்ட மீட்புப் பணிக்கு ‘ஆபரேஷன் காவேரி’ என்று பெயர். ஐ.என்.எஸ். சுமேதா என்னும் போர்க்கப்பல் முதல் தொகுதியினர் 278 பேரைப் போர்ட் சூடானிலிருந்து ஜித்தாவுக்குக் கொண்டுசென்றது. ‘எங்கள் தலைவரின் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் வாதீ ஸய்யித்னாவின் ஓடுதளத்தில், வழிகாட்டும் விளக்குகளே இல்லாத நள்ளிரவில் விமானப்படையின் சி-130 இறங்கி 121 பேரை ஏற்றிக்கொண்டது. மே 5-இல் பணி நிறைவுற்றபோது மீட்கப்பட்டோர் 3,862 பேர். அவர்களுள் தமிழரும் இருந்தனர்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? போரிட்ட இரு தரப்பினருமே இந்தியாவைப் பகையாகக் கருதவில்லை. இரு தரப்போடும் பேச முடிந்தது. சவூதி அரேபியா தன் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் திறந்துவிட்டது. நாம் மேலே குறை கூறிய அதே மௌனம், ஆபத்து வேளையில் 3,862 உயிர்களுக்கு வழிச்சீட்டாயிற்று என்று ஒருவர் வாதிட்டால் அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. அறம் பேசிய சில நாடுகள் தத்தம் தூதரகத்தாரை மட்டும் அவசரமாகக் கொண்டுசென்றதையும் பார்த்தோம். மருந்து விற்கச் சென்ற கருநாடகத்து ஹக்கிபிக்கிப் பழங்குடியினர்கூட இம்மீட்பில் திரும்பி வந்தனர். அவர்களை முன்வைத்து இங்கே அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் வசைபாடிக்கொண்டது வேறு கதை.

பெயரைப் பற்றி ஒரு சொல். தடைகளைக் கடந்து சேருமிடம் சேர்வது நதியின் இயல்பு, அது தாயைப் போன்றது என்று விளக்கம் தரப்பட்டது. நல்ல விளக்கமே. இரு மாநிலங்கள் நூறாண்டுக்கும் மேலாக வழக்காடும் நதியின் பெயரை, நைல் நீருக்காக மூன்று நாடுகள் முரண்பட்டு நிற்கும் நிலத்தில் சூட்டியது தற்செயலே என்றாலும் பொருத்தமுடையது. கார்த்தூமில் வெண்ணைலும் நீலநைலும் கலக்குமிடத்தை ‘அல்மக்ரன்’ என்பர். பவானியில் நாம் கூடுதுறை என்போமே, அதே பொருள்.

மீட்டுக் கொணர்தல் ஒரு பணி. அறிந்துகொள்ளுதல் வேறு பணி. முன்னதில் நம் துறை தேர்ந்துவிட்டது. பின்னதில் பின்னடைந்துவிட்டது என்பதே நம் விமர்சனம். 2019 டிசம்பர் 3-இல் கார்த்தூம் பஹ்ரிப் பகுதியிலிருந்த ஒரு பீங்கான் ஓடு தொழிற்சாலையில் எரிவாயு வண்டி வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர்கள், தமிழ்நாட்டினரும் இருந்தனர். தூதரகம் பெயர்ப் பட்டியல்களை உடனுக்குடன் வெளியிட்டது, அதில் குறையில்லை. ஆனால் அத்தொழிலாளர் எந்த ஒப்பந்தத்தில், எந்தப் பாதுகாப்பில் அங்கே உழைத்தனர் என்ற கேள்வி தீயோடு அணைந்துபோயிற்று.

விடுதலையின் முதற்காலத்தில் நிலைமை வேறாயிருந்தது. இஸ்லாமியச் சட்ட அறிஞர் ஆசஃப் ஃபைஸீ 1949 முதல் 1951 வரை எகிப்தில் நம் தூதர். அவருக்குப் பின் வரலாற்றாசிரியர் பணிக்கர் கெய்ரோவில் இருந்தார். 1950-இல் மௌலானா ஆசாத் நிறுவிய இந்தியக் கலாச்சார உறவுக் கழகம் ‘ஸகாஃபத்துல் ஹிந்த்’ என்னும் அரபிக் காலாண்டிதழைத் தொடங்கியது. தூதரகம் என்பது கல்விக்கூடமும் ஆகும் என்ற எண்ணம் அன்று இருந்தது.

சூடானின் வெளியுறவு அமைச்சகமோ நெடுங்காலம் ஓர் எழுத்தாளர் மாளிகையாகவே விளங்கியது. வெளியுறவு அமைச்சராகவும் பிரதமராகவும் இருந்த முஹம்மது அஹ்மது மஹ்ஜூப் தேர்ந்த கவிஞர். பொறியியலும் சட்டமும் பயின்றவர். 1967-இன் புகழ்பெற்ற கார்த்தூம் அரபு மாநாட்டின்போது ஜமால் அப்துந் நாஸிரும் மன்னர் ஃபைஸலும் ஏமன் சிக்கலில் உடன்பாடு கண்டது இவருடைய இல்லத்தில்தான். எகிப்தியத் தேசியத்தின் அறிவுலக வேர்களை ஆராய்ந்து 1960-இல் நூல் எழுதிய ஜமால் முஹம்மது அஹ்மது பின்னர் வெளியுறவு அமைச்சரானார். மற்றோர் அமைச்சர் மன்சூர் காலித், வடக்கத்திய முஸ்லிமாயிருந்தும் பிற்காலத்தில் தெற்கின் விடுதலை இயக்கத்தில் சேர்ந்தவர். கவிஞர் முஹம்மது அல்மக்கீ இப்ராஹீம் தூதராகப் பணியாற்றியவர். ‘காடும் பாலைவனமும்’ என்னும் கவிதைப் பள்ளியைச் சேர்ந்தவர். சூடானியன் அரபியனா, ஆப்பிரிக்கனா என்ற கேள்விக்கு இரண்டுமே என்று விடையளித்த பள்ளி அது. தமிழரா, முஸ்லிமா என்று நம்மைக் கேட்போருக்கு விடை சொல்ல அக்கவிதைகள் நமக்கும் உதவும். 2024-இல் கெய்ரோவில் அவர் மறைந்தார். கவிஞர்கள் ஆண்டதால் சூடான் வாழ்ந்துவிடவில்லை என்று ஒருவர் இடைமறிக்கலாம், உண்மைதான்.

இவர்களையெல்லாம் நம் அரபிக் கல்லூரிகளில் யார் படிக்கிறார்கள்? அல்ஃபிய்யாவின் ஆயிரம் அடிகளை மனனமாய் ஒப்பிக்கும் நம் மாணவர், சூடானின் நாளேடு ஒன்றின் தலையங்கத்தை அகராதியின்றிப் படிக்கத் திணறுகிறார். தய்யிப் ஸாலிஹின் பெயரையே பட்டம் பெற்று வெளியேறும் வரை கேள்விப்படாதோர் உண்டு. நம் கையிலுள்ள பாடத்திட்டத்துக்குத் தில்லியைக் குறைகூற முடியாது. ஆனால் தில்லியும் தன் பங்குக்கு ஒரு கதவை அடைத்தது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களில் முன்பு அரபியும் பாரசீகமும் இருந்தன; 2010களில் அவை நீக்கப்பட்டன. அரபி கற்றவரை விட்டுவிட்டு, தேர்வான அதிகாரியைக் கெய்ரோவுக்கு அனுப்பி அலிஃப், பா கற்பிக்கிறது வெளியுறவுத் துறை. வேலூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நூற்றாண்டுகளாக அரபி கற்பிக்கும் கூடங்கள் இருக்கும் நாட்டில் இந்தச் சுற்றுவழி எதற்கு? அதிகாரி கெய்ரோ போகட்டும். நம்மவருக்கு வழி அடைபட்டது ஏன் என்பதே கேள்வி.

அம்மாணவரின் கடிதத்தை எழுதிக்கொடுத்தோம். ‘தங்களின் மதிப்புமிகு அமைச்சகம்’ என்று நாம் பழைய மரபில் தொடங்கியதைப் படித்து, இப்போது யாரும் இப்படி எழுதுவதில்லை உஸ்தாத் என்று அடித்துத் திருத்தினார். ஐந்து மாதம் கழித்துப் போர்ட் சூடானிலிருந்து சான்றிதழ் முத்திரையோடு வந்தது. அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. தங்கை அடுத்த ஆண்டுக்காகக் கெய்ரோவில் காத்திருக்கிறாள். அவர் இப்போது ஞாயிறு காலைகளில் நம் வீட்டுக்கு வந்து, நம் மாணவர் ஆறு பேருக்குச் சூடான் நாளேடுகளைப் படித்துக் காட்டுகிறார். முதல் வாரம் அவர் கற்பித்த சொல் ‘தாயிர்’.