நடக்குமா என்பதல்ல கேள்வி

'டிடெக்டிவ் கோனன்' பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு கேள்வி வந்துவிடும்: "இதெல்லாம் நடக்குமா பாஸ்?"

கேட்க வேண்டிய கேள்விதான். கோஷோ அவோயாமா 1994இல் ஷோனென் சன்டே வார இதழில் தொடங்கிய இந்த மாங்காவின் முதல் கொலையே ரோலர் கோஸ்டரில் நடக்கிறது. ஓடுகிற வண்டியில், இருட்டுக்குள், பாதுகாப்புக் கம்பியிலிருந்து உடம்பை நழுவவிட்டு, ஒருவன் கழுத்தில் பியானோ கம்பியை மாட்டி, அதன் கொக்கியைத் தண்டவாளத்தில் சிக்கவைக்க வேண்டும். வண்டியின் வேகம் மிச்ச வேலையைச் செய்துவிடும். இன்ஜினியரிங் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேகமும் கம்பியும் கணக்குக்கு உள்ளே வரலாம். ஆனால் முதல் முயற்சியிலேயே கொக்கி சரியாகச் சிக்கும் என்று நம்பி ஒரு கொலையைத் திட்டமிட முடியுமா? சான்ஸே இல்லை.

ஆனாலும் அந்தக் கதை என்னை ஏமாற்றவில்லை. காரணம், 'இது நடக்குமா?' என்பது ஒரு கேள்வி, 'இதை நானும் கண்டுபிடித்திருக்க முடியுமா?' என்பது இன்னொன்று. நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். துப்பறியும் கதை நமக்குக் கொடுத்த வாக்கு இரண்டாவதைப் பற்றியது மட்டுமே.

என் வேலையிலிருந்தே ஒரு உதாரணம். ஒரு பக் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பரவாயில்லை, லாகில் தடயம் இருந்தால் பிடித்துவிடலாம். லாகே இல்லாத பக்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதியவர், 1929இல் பத்து விதிகள் போட்டார். இதுவரை யாரும் கண்டுபிடிக்காத விஷம் கதையில் வரக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. கோனன் ஆரம்பிப்பதே அப்படியொரு விஷத்தில்தான்: பதினேழு வயசுப் பையனைச் சின்னப் பிள்ளையாகச் சுருக்கிவிடும் ஏபிடிஎக்ஸ் 4869. ஆனால் அந்த மாத்திரை எந்தப் புதிருக்கும் விடை இல்லை. அது கதையின் நுழைவுச் சீட்டு. கைக்கடிகார மயக்க ஊசியும் குரல் மாற்றும் போ டையும் அப்படித்தான். துப்பறிகிறவன் கையில் மாயம் இருக்கலாம், கொலையாளி கையில் இருந்தால்தான் ஆட்டம் கலையும். கைட்டோ கிட் யார் முகத்தையும் போட்டுக்கொள்வான், ஆனால் மாமனாரைக் கொல்லும் மருமகனுக்கு அவோயாமா அந்த வசதியைத் தருவதில்லை. தந்தால் எந்த அலிபைக்கும் மதிப்பில்லை.

1992இல் தொடங்கிய 'கிண்டாயிச்சி' மாங்காவிலும் கொலைகள் இதைவிடக் கஷ்டமானவை. 2017இல் அதே வழக்குகளைக் கொலையாளிகளின் பார்வையில் சொல்லும் ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. மூச்சிரைக்க ஓடுகிறார்கள், கனமான பொருட்களைத் தூக்குகிறார்கள், ஒரு நிமிஷம் பிசகினால் எல்லாம் போச்சு என்று வியர்க்கிறார்கள். 'நடக்குமா' என்ற நம் கேள்வியை அந்த வீட்டுக்காரர்களே ஜோக்காக்கிவிட்டார்கள். நடக்க முடியாததைக் கிண்டல் செய்து ரசிக்கலாம். தடயத்தை மறைத்து வைத்த கதையை அப்படி ரசிக்க முடியாது, கோபம்தான் வரும்.

இனி வருவது ஸ்பாய்லர். 'மூன்லைட் சொனாட்டா' வழக்கைப் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

ஒரு தீவு. 12 வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு எரிந்துபோன பியானோ கலைஞர் அசோ கெய்ஜி. இப்போது ஒவ்வொரு கொலைக்கும் பீத்தோவனின் இசை ஒலிக்கிறது. ஊருக்கு நல்லவரான டாக்டர் நருமி என்ற இளம்பெண்தான் கொலையாளி. பெண்ணும் இல்லை, கலைஞரின் மகன் செய்ஜி. ஜப்பானிய எழுத்தில் அந்தப் பெயரை 'நருமி' என்றும் வாசிக்கலாம், 'செய்ஜி' என்றும் வாசிக்கலாம். எழுத்து மாறவே இல்லை, உச்சரிப்புதான் மாறியது.

தமிழில் 'பாவம்' என்று எழுதினால் செய்த பாவமா, முகத்தில் காட்டும் பாவமா என்று எழுத்து சொல்லாது, வாய்தான் சொல்லும். அதுபோல ஒன்று. ஜப்பானிய வாசகரின் கண்முன்னே பக்கத்தில் விடை கிடந்தது. ஆங்கில எழுத்தில் படித்த நமக்கு 'நருமி' மட்டும்தான் வந்து சேர்ந்தது. 4869 என்ற எண்ணும் அப்படியே: ஷி, யா, ரோ, கு. சேர்த்துச் சொன்னால் ஷெர்லாக். மூலத்தில் நேர்மையாக இருந்த தடயம் மொழிபெயர்ப்பில் தொலைந்துவிடுகிறது. அதற்கு ஆசிரியரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 'இதை எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று நாம் எரிச்சல்படும் சில இடங்களில் பழி வேறு இடத்தில் இருக்கிறது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கதையின் முடிவில் செய்ஜி எரியும் கட்டடத்துக்குள் பியானோ வாசித்தபடி இறந்துபோகிறான். கோனனால் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தோல்வியை அவன் பிறகும் சுமக்கிறான். குற்றவாளியைத் தர்க்கத்தால் சாவுக்குத் தள்ளும் துப்பறிவாளன் கொலைகாரனுக்குச் சமம் என்ற அவன் நம்பிக்கைக்குப் பின்னால் இந்தத் தீவு இருக்கிறது.

தடயத்தின் நேர்மை எனக்கு முக்கியமாவது இங்கேதான். மகனின் பெயரை ஆசிரியர் கடைசிப் பக்கத்தில் பையிலிருந்து எடுத்து நீட்டியிருந்தால், அந்தச் சாவு வெறும் செய்தி. பெயர் முதலிலிருந்தே பக்கத்தில் இருந்ததால், நேரத்தில் தெரிந்துகொண்டிருக்கலாமே என்ற குறுகுறுப்பு வாசகருக்கும் ஒட்டிக்கொள்கிறது. கோனனின் தோல்வியில் நமக்கும் ஒரு பங்கு. ஏமாற்றுகிற கதையால் இந்தக் குற்றவுணர்வைத் தர முடியாது.

அதற்காக இந்தத் தொடர் எப்போதும் நேர்மை என்று சொல்ல மாட்டேன். 'எப்படி' என்பதற்குத் தடயம் தரும் அவோயாமா, 'ஏன்' என்பதற்குப் பல சமயம் தருவதில்லை. பிடிபட்டதும் கொலையாளி மண்டியிட்டு அழுது, பத்து வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன தங்கையைப் பற்றிச் சொல்வான். அந்தத் தங்கையை நாம் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. ரோலர் கோஸ்டரைவிட எனக்கு உறுத்துவது அந்தத் தங்கைதான்.

இன்னொன்று நம் பக்கத்துத் தவறு. வார இதழில் ஒரு வழக்கு பெரும்பாலும் சில வாரங்கள் ஓடும். கோனனின் தலைக்குப் பின்னால் மின்னல் கோடு பாயும், அத்தோடு அந்த வாரம் முடியும். விடைக்கு முன் ஏழு நாள். அந்த இடைவெளியும் புதிரின் பாகம். நாம் போனில் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, யோசிக்க நேரமே தரவில்லை என்று புகார் சொல்கிறோம். அடுத்த முறை அந்த மின்னல் கோடு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஒரு நாள் போதும்.