வெப்ஹூக் வைத்தால் போதுமா?

நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் புகார் எழுதுகிறார். பதில் சொல்ல வேண்டியவருக்கு அது எப்போது தெரியவரும்? பழைய முறையில், நமது நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஃபேஸ்புக்கின் ஏபிஐயைக் கூப்பிட்டு, புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். அழைப்புகளுக்கு உச்சவரம்பு உண்டென்பதால் அந்த வெட்டிக் கேள்விகளும் கணக்கில் ஏறும். 2007இல் ஜெஃப் லிண்ட்சே பெயர் சூட்டிய வெப்ஹூக் இந்த அலைச்சலை ஒழித்தது. நம் சர்வரின் யூஆர்எல் ஒன்றைக் கொடுத்துவைத்தால், கருத்து விழுந்ததும் ஃபேஸ்புக்கே அதை ஜேசான் வடிவில் அனுப்பிவிடும்.

ஆனால் அந்த யூஆர்எல் தெருவைப் பார்த்த கதவு. யார் வேண்டுமானாலும் தட்டலாம். அதனால்தான் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா ஒவ்வொரு செய்தியோடும், செயலியின் ரகசியச் சாவியைக் கொண்டு எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்ட கையொப்பத்தை அனுப்புகிறது. நாமும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். அவசரத்தில் இந்தச் சரிபார்ப்பை எழுதாமல் விடுவோர் போலிப் புகார்களுக்கு வழிவிடுகிறார்கள்.

எழுதுவோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தமிழில் புழங்குவோர் கவனிக்க வேண்டியது. மெட்டா கையொப்பமிடுவது யூனிகோடு எழுத்துகளைக் குறியீடாக மாற்றிய வடிவத்துக்கு. அங்கே 'அ' என்பது ஆறு குறிகள் கொண்ட சரம். வந்த ஜேசானைப் பிரித்து, மறுபடி கோத்துக் கணக்கிட்டால் ஆங்கிலக் கருத்துகள் பெரும்பாலும் தேறிவிடும். தமிழ்க் கருத்துகள் போலி என்று தள்ளப்படும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பிரிப்பதற்கு முன், வந்த பைட்டுகளை அப்படியே எடுத்துக் கணக்கிடுவதுதான் வழி.

சர்வர் படுத்துவிட்டால்? மெட்டா உடனே ஒருமுறையும், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 36 மணி நேரம் வரையும் முயலும்; அதோடு கைவிட்டுவிடும். வெள்ளி இரவு படுத்த சர்வரைத் திங்கள் காலையில் எழுப்புகிற அலுவலகத்துக்கு இது போதாது. மறுமுயற்சியால் ஒரே புகார் இரண்டு முறை வருவதும் உண்டு. வந்ததும், கிடைத்துவிட்டது என்பதற்கான 200 குறியீட்டைப் பதிலாகச் சொல்லி, வரிசையில் போட்டுவிட்டு, இரட்டிப்பை அப்புறம் களைவதே விவரம் தெரிந்தவர்கள் செய்வது.

இவையெல்லாம் நிரலில் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாத குறை வேறு: ஃபேஸ்புக் வெப்ஹூக்கின் பார்வை நம் பக்கத்தோடும், நம்மை டேக் செய்த பதிவுகளோடும் முடிந்துவிடுகிறது. டேக் செய்யாமல் தன் சொந்தப் பக்கத்தில் திட்டுகிறவர் அதன் கண்ணில் படமாட்டார். அதற்கு வெளியே தேடுவதும் கடினமாகிக்கொண்டே போகிறது. ட்விட்டர் 2023இல் தன் ஏபிஐக்கான பழைய இலவச அணுகலை மூடியது. பொதுப் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியையே மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. எச்சரிக்கை வரவில்லை என்றால் யாரும் குறை சொல்லவில்லை என்று நிம்மதியாகத் தூங்குகிற மேலாளர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

வேகம் வேண்டுமென்றால் வெப்ஹூக் வையுங்கள். கூடவே, தினம் ஒருமுறையாவது நம் பக்கத்துக் கருத்துகளை ஏபிஐ வழியே இழுத்து, விட்டுப்போனவற்றைக் கண்டுபிடிக்கும் சிறு நிரல் ஒன்றும் ஓடட்டும். கண்காணிப்புச் சேவை விற்க வருபவரிடம், 36 மணி நேரம் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.