முதுமையைப் பாடிய இரு புலவர்

முதுமையைப் பற்றி நம்மவர் மேடையேறிப் பேசுங்கால், புறநானூற்றின் 243ஆம் பாட்டை எடுத்துக் காட்டுவதுண்டு. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய அதனை, இளமை நில்லாது என்னும் நீதிக்குச் சான்றாக்கிவிட்டு அமர்ந்துவிடுவர். அப்பாட்டின் பொருள் அவ்வளவுதானா?

பாட்டில் வரும் முதியவர் கோலூன்றி நடுங்குகிறார்; இருமலுக்கிடையே சில சொற்களே பேசுகிறார். இது உடலின் தளர்ச்சி. ஆயின் அவர் ஏங்குவது எதற்கு? மருத மரக்கிளையேறி, ஆழ்ந்த மடுவிற் பாய்ந்து மணல் கொணர்ந்த வலிமைக்கு மட்டுமன்று. மகளிரொடு கைகோத்து நீராடியதையும், வஞ்சமறியாத தோழர் கூட்டத்தையும் அவர் அதற்கு முன்னரே நினைக்கிறார். அன்று பிறர் கையைப் பற்றிய கை இன்று கோலைப் பற்றியிருக்கிறது. வலிமையோடு கூட்டுறவும் போயிற்றே என்பதன்றோ அவர் துயரம்!

இனி 191ஆம் பாட்டை நோக்குவோம். ஆண்டு பலவாகியும் நரை இல்லாமைக்குப் பிசிராந்தையார் காரணம் கூறுகிறார். மருந்தையோ உணவையோ அவர் சொல்லவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊர்ச் சான்றோர் என்று அடுக்குகிறார். முதுமையின் நலம் சூழ்ந்திருப்போரிடத்தும் உள்ளது என்பது அவர் துணிபு. எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: அந்த ஏவலரின் முதுமை எவ்வாறிருந்தது? பாட்டு அதைச் சொல்லவில்லை. ஏவல் செய்து பிழைத்தோர் வழிவந்த நாம் இதைக் கேளாதிருத்தல் ஆகுமா?

உடற்குறையும் சூழலும் கூடியே இயலாமையை உண்டாக்குகின்றன என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற வகைப்பாடும் வலியுறுத்துகிறது. அவ்வாண்டே சிங்கப்பூரில், பழைய அடுக்குமாடிகளில் மின்தூக்கி நில்லாத மாடிகளிலும் நிற்கச் செய்யும் திட்டம் தொடங்கிற்று. முதியவரின் முழங்கால் மாறவில்லை. படி ஏறும் துன்பம் நீங்கிற்று. அண்டை வீட்டாரைக் காண அவரால் இயன்றது.

நம் தோட்டங்களில் நிகழ்ந்ததையும் எண்ணுக. பால்மரம் வெட்டி முழங்கால் தேய்ந்த எத்தனையோ பாட்டிமார்க்கு, வேலை நின்றதும் வேலையோடு கிடைத்த வீடும் போயிற்று. வீட்டோடு, நெடுநாள் பழகிய அயலாரும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த பிள்ளைகளும் போயினர். நகரத்து மாடிவீட்டில் மகன் வேலைக்குச் சென்றபின், அடைத்த கதவே அவர்க்குத் துணை. இதனைத் தலையெழுத்தென்று சொல்லி நாம் அமைதி கொள்கிறோம். வீட்டைப் பறித்ததும் படியைக் கட்டியதும் மனிதரே, தலையெழுத்தன்று.

ஆகவே, அன்பர்களே, 243ஆம் பாட்டை மேடையில் சொல்வோர் 191ஆம் பாட்டையும் உடன் சொல்லுக. இளமை போவது இயற்கை. முதியவர் கையில் கோலொன்றே எஞ்சுமாறு விட்டுவிடுவது நம் குற்றம்.