லொரெட்டா யங்: தூய்மையும் உண்மையும்

ஹாலிவுட்டின் கத்தோலிக்க நடிகையர் என்றதும் பழைய தலைமுறையினர் நினைவுக்கு முதலில் வந்த பெயர்களுள் ஒன்று லொரெட்டா யங். 1913இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் பிறந்த அவர், ஊமைப்படக் காலத்திலேயே சிறுமியாகத் திரைக்கு வந்தவர். 1947இல் வெளிவந்த ‘தி ஃபார்மர்ஸ் டாட்டர்’ அவருக்கு ஆஸ்கர் விருதைத் தந்தது. 1953 முதல் 1961 வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் வழங்கிய வாராந்தர நாடகங்கள் மூன்று எம்மி விருதுகளைத் தந்தன. ஆயினும் அவரது கலையை எடைபோட விருதுகள் மட்டும் போதா. தூய்மையை அவர் எவ்வாறு நடித்துக் காட்டினார், அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

‘மேன்ஸ் காசில்’ (1933) படத்திலிருந்து தொடங்குவோம். பொருளாதார வீழ்ச்சிக் காலத்து நியூயார்க். பசியோடு பூங்காவில் அமர்ந்திருக்கும் ட்ரீனா என்னும் பெண், ஊர் சுற்றும் ஒருவனை நம்பிக் குடிசைப் பகுதியில் வாழப் போகிறாள், கருவுறுகிறாள். ஸ்பென்சர் ட்ரேசியின் முரட்டுப் பேச்சுக்கு எதிரே, இருபது வயது லொரெட்டா குரலை உயர்த்துவதே இல்லை. அந்த அகன்ற கண்களில் அச்சமும் அன்பும் ஒருசேரத் தெரிகின்றன. இயக்குநர் ஃபிராங்க் போர்ஸேகி அவள்மீது கல்லெறிய நம்மைத் தூண்டவில்லை. இதுவே அவரது ஆகச் சிறந்த நடிப்பு என்பது நமது துணிபு.

அடுத்த ஆண்டே காலம் மாறியது. 1934இல் திரைப்படத் தணிக்கை விதிகள் கடுமையாயின. கத்தோலிக்கர் தொடங்கிய ஒழுக்கப் படையணி, தீய படங்களைப் பார்ப்பதில்லை என்று இலட்சக்கணக்கானோரை உறுதிமொழி எடுக்கச் செய்தது. நோக்கம் நல்லதே. ஆனால் அந்த இறுக்கமான சூழலில்தான், 1935இல், ‘கால் ஆஃப் தி வைல்ட்’ படத்தில் உடன் நடித்த கிளார்க் கேபிளால் லொரெட்டா கருவுற்றார். கேபிள் மணமானவர். குழந்தை மறைவில் பிறந்தது. பிறர் பராமரிப்பில் விடப்பட்டது. 1937இல் ‘தத்தெடுத்த’ மகளாக வீடு திரும்பியது. அந்த மகள் ஜூடி லூயிஸ் 1994இல் இதை நூலாக எழுதினார். 2000 ஆகஸ்டில் மறைந்த தாயின் ஒப்புதல், அவருக்குப் பின் வெளியான வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்றது.

இந்தப் பின்னணியோடு ‘கம் டு தி ஸ்டேபிள்’ (1949) படத்தைக் காண்போம். பெத்லகேம் என்னும் சிற்றூரில் குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்ட வரும் அருட்சகோதரி மார்கரெட்டாக லொரெட்டா நடித்தார். போரில் மகனை இழந்த சூதாட்டத் தொழிலதிபர் தம் நிலத்தை விட்டுக்கொடுக்கும் காட்சி உருக்கமானது. பணத்துக்காக ஆடும் டென்னிஸ் ஆட்டத்தில் சகோதரிகள் தோற்பதும் நல்ல தொடுப்பு. எனினும் மார்கரெட்டுக்கு ஐயமே எழுவதில்லை. நம்பிக்கை, போராட்டமற்ற ஒரு புன்னகையாகச் சுருங்கிவிடுகிறது. ட்ரீனாவிடம் இருந்த அச்சம் இங்கே இல்லை. தொலைக்காட்சியிலும் அப்படியே: கதவைத் திறந்து பட்டாடை சுழல நுழைவார்; நாடகம் முடிந்ததும் விவிலியத்திலிருந்தோ அறநூலிலிருந்தோ ஒரு வாசகம் சொல்வார். நேர்த்திக்குக் குறைவில்லை, காயம் மட்டும் தென்படவில்லை.

இதைப் போலித்தனம் என்று தள்ளிவிடலாமா? 1935இல் நிகழ்ந்தது தம் விருப்பத்துக்கு மாறானது என்று லொரெட்டா தம் இறுதி ஆண்டுகளில் உணர்ந்து சொன்னதாக, 2015இல் குடும்பத்தார் வெளிப்படுத்தினர். மறுமொழி சொல்லக் கேபிள் உயிருடன் இல்லை, 1960இலேயே மறைந்துவிட்டார். அதனால் தீர்ப்பு நம் கையில் இல்லை. ஆனால் ஒன்று தெளிவு: பழிக்கு அஞ்சி ஒளிந்தவர் தாய், உண்மை அறியாது வளர்ந்தவர் மகள், கேபிளோ 1939இல் ‘கான் வித் தி விண்ட்’ படத்தின் நாயகனாக உலகப் புகழில் நின்றார். யோவான் நற்செய்தியிலும் இயேசுவின் முன் இழுத்து வரப்பட்டவள் பெண் மட்டுமே. உடனிருந்த ஆணை எவரும் கொண்டுவரவில்லை.

லொரெட்டாவின் நம்பிக்கை பொய்யன்று. அதை அவர் இறுதிவரை விடவில்லை. குறை, குற்றமற்ற முகத்தை மட்டுமே ஏற்றுக்கொண்ட சமூகத்தினுடையது. மேற்கண்ட இரு படங்களையும் வாசகர்கள் அடுத்தடுத்துப் பார்த்தால் நன்று. அருட்சகோதரி மார்கரெட்டை நம் பங்கில் எவரும் மகிழ்ந்து வரவேற்பர். ட்ரீனா வந்தால் எந்த வீட்டின் கதவு திறக்கும்?