கேமரா பார்க்கும், கழற்றக் கதவு வேண்டும்

கேரவனில் தண்ணீர்க் குழாய்கள் கட்டிலுக்கு அடியிலும் சிங்க் அலமாரிக்குப் பின்னாலும் ஓடுகின்றன. வண்டி கட்டும்போதே பிளைவுட் அடித்து மூடிவிட்டால், எங்கே கசிகிறது என்று தெரிவதற்குள் பலகை ஊறி உப்பிவிடும். இதற்கு மருந்தாக விற்கப்படுவதுதான் போனில் சொருகும் எண்டோஸ்கோப் கேமரா. விரல் நுழையாத இடுக்கிலும் 8 மி.மீ. தலை நுழைகிறது. ஆனால் குவியம் மாறாததால் சில செ.மீ. தள்ளிப் பிடித்தால்தான் படம் தெளிவாகும். வெள்ளைக் குழாயில் எல்இடி பட்டால் கண் கூசும், ஈரமும் பளபளப்பும் ஒன்றுபோலவே தெரியும். வெளிச்சத்தைக் குறைத்து, மூட்டின் அடிப்பக்கத்தில் துளி தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க இது நல்ல கருவி. கசிவைச் சரிசெய்ய இதை நம்பக் கூடாது.

காரணம் எளிது. புஷ்-ஃபிட் மூட்டைக் கழற்ற, ஒரு கையால் அதன் வாய் வளையத்தை உள்ளே அழுத்திக்கொண்டு மறு கையால் குழாயை இழுக்க வேண்டும். இரண்டு கைகளும் நுழையாத இடத்தில் படம் தெரிந்து பயனில்லை. 12 வோல்ட் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி வலையும் அப்படியே. போர்வெல் தண்ணீர் பிடிக்கும் வண்டியில் அதில் மணலும் உப்பும் சேரும், அடிக்கடி கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். ஆகவே பம்ப், மூட்டு, வால்வு ஆகியவற்றுக்கு நேரே ஆய்வுக் கதவு வைப்பதுதான் உண்மையான தீர்வு.

பலகையை வெட்டினால் கட்டில் பலமிழக்கும் என்பது நியாயமான அச்சம். சட்டத்தைத் தொடாமல், இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள பலகையை மட்டும் வெட்டி, ஓரத்துக்கு மர விளிம்பு கொடுத்தால் எடை சட்டத்தின் மீதே நிற்கும். வெட்டுமுன் பின்னால் மின்கம்பி ஓடுகிறதா என்று அதே கேமராவை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம், அதன் சிறந்த வேலை இதுதான். கரப்பான் புகும் என்பவர்களுக்கு ரப்பர் விளிம்பு போதும்.

கசிவே இல்லாதபோது கதவு எதற்கு என்ற கேள்விக்குச் சாலையே பதில். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் வழியில் மங்கலம்பேட்டை அருகே ஒரு மூட்டு விட்டுப்போனால், ஊர் ஹார்டுவேர் கடையில் அரை அங்குல சிபிவிசி எல்போவும் பசையும் கிடைக்கும். 12 மி.மீ. புஷ்-ஃபிட் உதிரியை அங்கே எதிர்பார்க்க முடியாது. கையில் இரண்டு உதிரி மூட்டுகள் இருந்து, கதவும் இருந்தால், தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடிவிட்டு ஓட்டுநரே மாற்றிவிடலாம். கதவு இல்லையென்றால் தச்சரைத் தேட வேண்டியிருக்கும்.