இடுப்புச் சுற்றளவும் இடுப்பெலும்பும்

மதுரையை அடுத்த பரவை காய்கறி மார்க்கெட்டில் ஐம்பதைத் தாண்டிய பெண் வியாபாரிகள் தரையிலிருந்து எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை முட்டியில் வைத்து, ‘முருகா’ என்று மூச்சுவிட்டு, அப்புறம்தான் நிமிர்கிறார்கள். உடல் பருமனையும் சர்க்கரை நோயையும் தடுப்பது பற்றிய ஆய்வுகளை வாசிக்கும்போதெல்லாம் இவர்களைத்தான் தேடுகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் டாக்டர் ஏ. ராமச்சந்திரன். சென்னையில் அவர் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கிச் சுமார் மூன்றாண்டுகள் கவனித்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய இதே பலனைத் தந்தது. இரண்டையும் சேர்த்தபோது கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. மாத்திரை வாங்க வழியில்லாத வீட்டுக்கும் நடை உண்டு என்பதால், இதைப் பெரிய கொடையாகவே நினைக்கிறேன்.

இதைவிட ஆழமான செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. நோய் தள்ளிப்போனது, ஆனால் எடை பெரிதாகக் குறையவில்லை. மெலிந்தால்தான் பலன் என்று நம்பிக்கொண்டு, இரண்டு மாதத்தில் எடை இறங்கவில்லையே என நடையைக் கைவிடுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் காட்டியதும் இதற்குத் துணை நிற்கிறது. அவருக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினுக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றேதான், 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யட்கினுக்கு 9.1. தராசை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

இனி குறைக்கு வருவோம். அந்த 531 பேரில் 421 பேர் ஆண்கள். கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே நடையையும் உணவையும் நினைவூட்டி, 2013இல் ராமச்சந்திரன் குழு வெளியிட்ட ஆய்வில் பங்கேற்ற 537 பேரும் ஆண்களே. வேலை செய்யும் இடங்களில் ஆள் சேர்த்தால் இப்படித்தான் அமையும். ஆய்வாளரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கூடுதல் எடையோ பருமனோ உள்ள பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37. சுமை கூடிய பக்கம் பெண்கள் இருக்க, சான்று பெரும்பாலும் ஆண்களிடமிருந்து வந்திருக்கிறது.

பெண்ணின் உடம்பில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகக் கரைகிறது. அந்த வயதில் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் எலும்பும் போகும். அமெரிக்காவில் பருமனான முதியவர்கள் 107 பேரிடம் ஓராண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி 2.6 சதவீதம் சரிந்தது. உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 1.1 சதவீதம்தான்.

என் பெரியம்மா பாலையும் மதியச் சாப்பாட்டையும் நிறுத்தி எட்டு கிலோ இறக்கினார். வீடே மெச்சியது. மறு வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்கு இடுப்பு முறிந்தது. அதனால்தான் இது என்று நான் சாதிக்க முடியாது. ஆனால் ‘இப்போ எத்தனை கிலோ பெரியம்மா?’ என்று வாரம் தவறாமல் விசாரித்த நாங்கள் யாரும் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அரிசியைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை, அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் விடை பழையதுதான்: கேப்பை. நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,000. கூட முருங்கைக்கீரை, கொஞ்சம் வெயில், உடம்பு தாங்குகிற அளவுக்குத் தூக்கி இறக்கும் பயிற்சி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் பையில் ஓர் இஞ்சு டேப்பையும் வையுங்கள். 80 சென்டிமீட்டரைத் தாண்டிய இடுப்பைக் குறித்துக்கொள்ளும்போதே, ‘அக்கா, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியுதா? இந்த வருஷம் எங்கேயாவது விழுந்தீங்களா?’ என்று கேட்கவும் சொல்லிக்கொடுங்கள்.