புதுக்கோட்டை சைக்கிள் கட்டுரை: சாய்நாத் சொன்னதும் விட்டதும்

கருத்து விளக்கக் கட்டுரைக்கு நல்ல மாதிரி தேடுகிறீர்களா? பி. சாய்நாத்தின் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ரௌட்' (1996) நூலில் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றிய கட்டுரை ஒன்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது.

நம் மாணவர்கள் "முதலாவதாக, உடல் ஆரோக்கியம்" என்று பட்டியல் போடுவார்கள். சாய்நாத் அப்படிச் செய்வதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று எண்ணிக்கை தருகிறார். கல்லுடைக்கும் பெண்களையும் ஆசிரியைகளையும் பேச வைக்கிறார். ஊரார் செய்த கேலியையும் மறைக்கவில்லை. நேரமும் பணமும் மிச்சமாவதைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்களுக்கு அதைவிடத் தன்மதிப்பே பெரிது என்று காட்டுகிறார். கருத்தை வளர்ப்பது என்றால் இதுதான்.

ஆனாலும் ஒரு குறை. செந்தூலில் என் வகுப்பில் இதைப் படித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அவங்க விழாம ஓட்ட எப்படிக் கத்துக்கிட்டாங்க?" ஏன் கற்றார்கள் என்பதில் நிற்கும் கட்டுரை, உடல் எப்படிக் கற்றது என்பதில் நிற்கவே இல்லை.

"சக்கரம் சுற்றுவதால் விழாது" என்று நாமும் சுலபமாகச் சொல்லிவிடுவோம். அது போதாது. 1970இல் டேவிட் ஜோன்ஸ், எதிர்த்திசையில் சுற்றும் கூடுதல் சக்கரத்தைப் பொருத்தி அந்தச் சுழற்சியின் விளைவை நீக்கிப் பார்த்தார். அப்போதும் அவரால் சைக்கிளை ஓட்ட முடிந்தது.

நடப்பது இதுதாங்க. சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தால், கைப்பிடியையும் இடப்பக்கமே சற்றுத் திருப்புகிறோம். சக்கரங்கள் நம் எடைக்குக் கீழே வந்துவிடுகின்றன. வேகம் இருந்தால் சிறு திருப்பம் போதும். மெதுவாகப் போனால் அதிகம் திருப்ப வேண்டும். புதிதாகக் கற்பவர் தள்ளாடுவது அதனால்தான். வலப்பக்கம் வளையவும் முதலில் கைப்பிடி ஒரு கணம் இடப்பக்கம் போகிறது. அப்போதுதான் சைக்கிள் வலப்பக்கம் சாயும். ஓட்டுபவருக்கே இது தெரிவதில்லை.

ஆகவே, கற்றுக் கொடுப்பவர் சீட்டைப் பிடிக்கலாம், கைப்பிடியைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் சமநிலையைக் கற்கும் வழியே அடைபடும். கைப்பிடி ஓட்டுபவள் கையில்தான் இருக்க வேண்டும். சாய்நாத் வாதிடும் விடுதலைக்கு இதைவிட நேரடியான சான்று வேறென்ன? அது அவர் கட்டுரைக்குள்ளேயே வந்திருக்கலாம்.

ஆசிரியர்களே, இதைப் பயிற்சியாகக் கொடுங்கள்: சைக்கிள் கற்ற முதல் நாளை, கை என்ன செய்தது, கண் எங்கே பார்த்தது, யார் எங்கே பிடித்தார் என்று ஒரு பத்தியில் எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே, 'தன்னம்பிக்கை' என்ற சொல்லை அந்தப் பத்தியில் எழுதாதீர்கள். நடந்ததைச் சரியாக எழுதினால் படிப்பவருக்கே அது புரியும்.